காணாமற் போகும் கை
மெய்நிகர் குத்துச்சண்டைக் கருவியில் பழுது கண்டறிதல்: ஒரு பாடம்



நான் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். படிப்பு டிப்ளமோ. விளையாட்டுக் கருவிகளைப் பற்றி எழுத இவருக்கு என்ன தகுதி என்று சிலர் நினைக்கலாம். நினைப்பது நியாயமே. ஆனால் சென்ற சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும்போது மூன்று வீட்டுப் பெற்றோர் ஒரே குறையைச் சொன்னார்கள். பிள்ளைக்கு உறவினர் வெளிநாட்டிலிருந்து மெய்நிகர் விளையாட்டுக் கருவி கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். தலையில் மாட்டிக்கொண்டு குத்துச்சண்டை விளையாடுகிறான். நடுவிலே திரையில் தெரியும் கை பறந்து போகிறது, அல்லது அப்படியே உறைந்து நின்றுவிடுகிறது. "கருவி கெட்டுவிட்டது, பையன்தான் கெடுத்துவிட்டான்" என்பது மூவரின் முடிவும்.

எங்கள் வீட்டிலும் இதே கதை நடந்து முடிந்திருந்தது. அதில் நான் கற்றுக்கொண்டதைப் பாடமாக எழுதுகிறேன். கருவியின் பெயரும் கடையின் பெயரும் வேண்டாம், முறைதான் முக்கியம்.

நடந்தது இது

வெலிங்டன் தீவில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் கூடத்திற்கு மேற்கே ஒரு பெரிய ஜன்னல். அதற்கு அப்பால் மட்டாஞ்சேரிக் கால்வாய். கோடை விடுமுறையில் பேரன் அந்தக் கூடத்தில்தான் விளையாடுவான். வயது பதினான்கு. ஓங்கிக் குத்தும்போது வலது கை மறைந்துவிடுகிறது என்று ஒருநாள் சொன்னான். அவன் அப்பா, அதாவது என் மகன், கன்ட்ரோலரைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஓரத்தில் ஒரு கீறல் இருந்தது. "சுவரில் அடித்திருக்கிறாய், உண்மையைச் சொல்" என்றார். "இல்லப்பா, கீறல் பழசு" என்றான் இவன். நம்பவில்லை. கடைக்கு எடுத்துப் போனார்கள். கடைக்காரர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு இரண்டு கன்ட்ரோலரையும் மாற்ற வேண்டும் என்றார். சொன்ன விலையைக் கேட்டு மகன், "இதை விற்றுவிடலாம்" என்று முடிவு செய்தார்.

பேரன் இரவு சாப்பிடவில்லை. கருவி போகிறதே என்பது பாதி. தான் பொய் சொன்னதாக அப்பா நினைக்கிறாரே என்பது மீதி. "மூன்று நாள் என்னிடம் விடு, பிறகு விற்பதா வேண்டாமா என்று பார்க்கலாம்" என்று மகனிடம் கேட்டு வாங்கினேன்.

கருவி கையை எப்படி அறிகிறது?

பழுது பார்ப்பதற்கு முன் வேலை செய்யும் விதம் தெரிய வேண்டும். இது எங்கள் துறையின் முதல் விதி.

கையின் இருப்பிடத்தை விளையாட்டுக் கருவிக்குச் சொல்லும் முயற்சி புதியதல்ல. 1989-இல் வந்த பவர் குளோவ் என்னும் கையுறை, காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, தொலைக்காட்சிப் பெட்டியைச் சுற்றி வைத்த மூன்று வாங்கிகளால் இடத்தைக் கணக்கிட்டது. 2006-இல் வந்த நின்டெண்டோ வீயில் கைப்பிடியின் அசைவை உணரும் சில்லு இருந்தது. அதில் குத்துச்சண்டையும் உண்டு. 2010-இல் வந்த பிளேஸ்டேஷன் மூவ் கைப்பிடியின் தலையில் ஒளிரும் பந்து ஒன்றை வைத்து, எதிரே உள்ள கேமராவால் அதைப் பின்தொடர்ந்தது. 2016-இல் வந்த எச்டிசி வைவ், அறையின் மூலைகளில் வைத்த பெட்டிகளிலிருந்து கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளியை அறை முழுதும் வீசிக் கையைக் கண்டது. 2019-இல் வந்த ஆக்குலஸ் குவெஸ்ட் போன்றவற்றில் அறையில் எதையும் பொருத்த வேண்டாம். கேமராக்கள் தலையில் மாட்டும் ஹெட்செட்டிலேயே இருக்கின்றன. க்ரீட், தி த்ரில் ஆஃப் தி ஃபைட் போன்ற குத்துச்சண்டை ஆட்டங்களைப் பல பிள்ளைகள் இத்தகைய கருவியில்தான் ஆடுகிறார்கள்.

இந்தக் கடைசி வகையில் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

முதலாவது, பார்த்தல். கன்ட்ரோலரில் அகச்சிவப்பு ஒளி விடும் சிறு விளக்குகள் பல பதிக்கப்பட்டுள்ளன. சிலவற்றில் அவை ஒரு வளையத்தில் இருக்கும். வளையம் இல்லாத புதிய வகைகளில் உடலிலேயே இருக்கும். டிவி ரிமோட்டின் முனையில் இருப்பது போன்ற விளக்குதான். நம் கண்ணுக்குத் தெரியாது. ஹெட்செட்டின் கேமராக்களுக்குத் தெரியும். அந்தப் புள்ளிகளின் அமைப்பைக் கொண்டு கை எங்கே, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கருவி கணக்கிடுகிறது.

இரண்டாவது, ஊகித்தல். கன்ட்ரோலருக்குள் முடுக்கமானியும் ஜைரோஸ்கோப்பும் உண்டு. ஒன்று வேகம் எவ்வளவு மாறுகிறது என்று சொல்லும். மற்றொன்று எவ்வளவு திரும்புகிறது என்று சொல்லும். கேமரா பார்க்கும் இரண்டு பார்வைகளுக்கு இடையேயும், கை மறைந்திருக்கும் கணங்களிலும், இவற்றை வைத்துக் கருவி கையின் இடத்தை ஊகிக்கிறது.

சுரங்கப்பாதைக்குள் நுழைந்த ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே மைல்கல் தெரியும்வரை எங்கே இருக்கிறோம் என்று உறுதியாகச் சொல்லலாம். உள்ளே போனபின் வேகத்தையும் கடிகாரத்தையும் வைத்துக் கணக்குத்தான் போட வேண்டும். வெளியே வந்து அடுத்த மைல்கல்லைப் பார்த்தால் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம். கேமராதான் மைல்கல். முடுக்கமானிதான் கடிகாரம்.

ஊகம் எவ்வளவு நேரம் தாங்கும்?

பள்ளிப் பிள்ளைகள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கருவி கையின் சாய்வை ஒரே ஒரு டிகிரி தவறாக எடுத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது புவியீர்ப்பின் ஒரு சிறு பங்கைக் கையின் அசைவு என்று அது தவறாக எண்ணும். அந்தப் பங்கு 9.8-ஐ 1 டிகிரியின் சைன் மதிப்பால் பெருக்கக் கிடைப்பது, ஏறத்தாழ 0.17. தூரம் என்பது முடுக்கத்தில் பாதியை நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது. ஆகவே,

1 வினாடியில் பிழை சுமார் 8.5 செ.மீ.
2 வினாடியில் சுமார் 34 செ.மீ.
3 வினாடியில் சுமார் 77 செ.மீ.

நேரம் இரு மடங்கானால் பிழை நான்கு மடங்காகிறது. கேமரா கையைப் பார்க்காமல் இரண்டு, மூன்று வினாடி போனால் கை ஏன் எங்கோ பறக்கிறது என்பது இப்போது புரியும். சில கருவிகள் இதை அறிந்து, சிறிது நேரத்திற்குப் பின் கையை அப்படியே உறையவைத்து விடுகின்றன. பறப்பதும் உறைவதும் ஒரே நோயின் இரு அறிகுறிகள்.

பழுதுப் பதிவேடு

எப்போதும் இருக்கும் பழுதைக் கண்டுபிடிப்பது எளிது. வந்து வந்து போகும் பழுதுதான் ஆளைக் கொல்லும். சிக்னலில் அப்படிப்பட்ட பழுது வந்தால் நாங்கள் கருவியில் கை வைக்கமாட்டோம். முதலில் பதிவேட்டைத் திறப்போம். எத்தனை மணிக்கு வந்தது, மழையா வெயிலா, எந்த வண்டி போனபோது வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது.

பேரனிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்து நான்கு பத்திகள் கோடு போடச் சொன்னேன். நேரம், எந்தக் கை, என்ன செய்துகொண்டிருந்தாய், அறையில் வெளிச்சம் எப்படி. ஒவ்வொரு முறை கை மறையும்போதும் ஆட்டத்தை நிறுத்தி எழுத வேண்டும். இரண்டு நாள் சலிப்போடு எழுதினான். மூன்றாம் நாள் அவனே ஆர்வமாகி எண்ண ஆரம்பித்தான்.

மொத்தம் 31 பதிவுகள். அவற்றைப் பிரித்தபோது,

17 முறை: வலது கை மட்டும், ஓங்கி நேராகக் குத்தும்போது. காலை, மாலை, இரவு எல்லா நேரத்திலும்.
9 முறை: இரண்டு கைகளும், மாலை 4.45-க்கும் 6 மணிக்கும் இடையில் மட்டும்.
5 முறை: ஏதாவது ஒரு கை, முகத்தருகே தற்காப்பாக வைத்திருக்கும்போது.

பார்த்தீர்களா! "கை மறைகிறது" என்ற ஒரே புகாருக்குள் மூன்று வெவ்வேறு காரணங்கள் ஒளிந்திருந்தன. கன்ட்ரோலரை மாற்றியிருந்தால் ஒன்று தீர்ந்திருக்கும். மற்ற இரண்டும் அப்படியே இருந்திருக்கும். பிறகு ஹெட்செட்டையும் மாற்றச் சொல்லியிருப்பார்கள்.

முதற் காரணம்: செல் குலுங்குதல்

வலது கை, ஓங்கிய குத்து, எந்த நேரமும். இது வெளிச்சத்தின் குற்றம் அல்ல. அதிர்ச்சியில் வரும் பழுது என்றால் ரயில்வேக்காரனுக்கு முதலில் தோன்றுவது தொடர்பு விட்டுப் போகும் முனை.

எங்கள் கருவியில் ஒவ்வொரு கன்ட்ரோலரிலும் ஒரு பென்சில் செல் இருக்கிறது. அதன் எடை சுமார் 23 கிராம். ஓங்கிய கை சட்டென்று நிற்கும்போது புவியீர்ப்பைப் போல் 20 மடங்கு அதிர்ச்சி ஏற்படுகிறது என்று வைத்துக்கொண்டால், அந்தச் சிறு செல் 460 கிராம் கனம் போலத் தன் அறையின் சுவரை இடிக்கும். அறை சற்றுத் தளர்வாகவோ ஸ்பிரிங் சற்றுத் தளர்ந்தோ இருந்தால், ஒரு முனை கண நேரம் விட்டுப் போகும். மின்சாரம் அறுந்து கன்ட்ரோலர் மறுபடி தொடங்கும். திரையில் கை இல்லை.

ஊகித்தால் போதாது, சோதிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது விதி. வலது செல்லை இடதிலும், இடது செல்லை வலதிலும் போட்டோம். பழுது வலதிலேயே நின்றது. ஆகவே செல் நல்லது. பிறகு பேரனைக் கால் மாற்றி நிற்கச் சொல்லி, இடது கையால் ஓங்கிக் குத்தச் சொன்னேன். இடது மறையவில்லை. கடைசியாக, கன்ட்ரோலரைக் கையில் அசையாமல் பிடித்து, தலையணையில் இரண்டு தட்டுத் தட்டச் சொன்னேன். வலது கை உடனே மறைந்து, சில வினாடி கழித்து வந்தது. திருடன் அகப்பட்டான்.

செல்லைக் கழற்றிப் பார்த்தால் ஸ்பிரிங்கின் மேல் இலேசான பச்சை. கொச்சியின் உப்புக்காற்று எதைத்தான் விட்டுவைத்தது? பென்சில் அழிப்பானால் முனையை மெதுவாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்தேன். ஸ்பிரிங்கை ஓர் இம்மி வெளியே இழுத்துவிட்டேன். செல்லின் நடு உடலில் காகித டேப்பை ஒரே ஒரு சுற்றுச் சுற்றி, அறைக்குள் ஆடாமல் உட்காரவைத்தேன். செலவு ஒன்றுமில்லை.

எச்சரிக்கை: இதற்கு அலுமினியத் தாளை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள், குறுக்குத் தொடர்பு ஏற்பட்டுச் செல் சூடாகும். செல்லின் இரு முனைகளையும் மூடாதீர்கள். வெளியே எடுக்க முடியாதபடி திணிக்காதீர்கள். உள்ளே நிலையாகப் பொருத்திய பேட்டரி உள்ள கருவியைத் திறக்கவே கூடாது; அதைத் தேர்ந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

இரண்டாம் காரணம்: மாலை வெயில்

நம் தீவு, துறைமுகத்தை ஆழப்படுத்த ராபர்ட் பிரிஸ்டோ வாரி எடுத்த மண்ணைக் கொட்டி உருவானது என்பதை நம் பிள்ளைகள் பள்ளியில் படித்திருப்பார்கள். கிழக்கே எறணாகுளம் கால்வாய், மேற்கே மட்டாஞ்சேரிக் கால்வாய். மாலையில் சூரியன் மட்டாஞ்சேரிப் பக்கம் இறங்கும்போது தண்ணீர் முழுதும் பொன் துகள் போல மின்னும். அழகுதான். ஆனால் சூரிய ஒளியில் அகச்சிவப்பு ஏராளம். ஒவ்வோர் அலையும் ஒரு விளக்குப் போல ஜன்னல் வழியே கூடத்திற்குள் மின்னுகிறது. கன்ட்ரோலரின் சிறு புள்ளிகளைத் தேடும் கேமராவுக்கு முன் நூற்றுக்கணக்கான ஆடும் புள்ளிகள்! திருவிழாக் கூட்டத்தில் குழந்தையைத் தேடுவது போல அது திணறுகிறது.

போதாக்குறைக்கு, ஜன்னலுக்கு எதிரே கண்ணாடி பதித்த எங்கள் ஸ்டீல் பீரோ. வெயிலையும் அது இரட்டிப்பாக்குகிறது. கன்ட்ரோலரின் விளக்குகளையும் பிரதிபலித்து இல்லாத கைகளைக் காட்டுகிறது.

தீர்வு: ஜன்னலுக்குக் கனத்த திரை. பீரோக் கண்ணாடிக்கு என் பழைய வேட்டி. மாலைப் பழுது அன்றே நின்றது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹெட்செட்டின் உட்புறம் இருப்பது உருப்பெருக்கும் கண்ணாடி. பூதக்கண்ணாடியால் காகிதத்தை எரித்து விளையாடியது நினைவிருக்கிறதா? ஜன்னலோரம் ஹெட்செட்டை மல்லாத்தி வைத்தால் வெயில் அந்தக் கண்ணாடி வழியே குவிந்து உள்ளிருக்கும் திரையைச் சுட்டுவிடும். அதற்குப் பழுதுபார்ப்பே கிடையாது. ஆட்டம் முடிந்ததும் பைக்குள் வைக்கப் பழக்குங்கள்.

மூன்றாம் காரணம்: பழுதே அல்லாதது

குத்துச்சண்டையில் முகத்தைக் காக்க இரு கைகளையும் தாடையருகே வைப்பார்கள். வடசென்னையில் குத்துச்சண்டை பார்த்து வளர்ந்தவர்கள் இதை அறிவார்கள். 2021-இல் வந்த சார்பட்டா பரம்பரை படத்தைப் பார்த்த பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால் ஹெட்செட்டின் கேமராக்கள் முகத்திற்கு முன்னேயும் பக்கத்திலேயும் பார்ப்பவை. தாடைக்குக் கீழே ஒட்டி வைத்த கையையும், ஒன்றை ஒன்று மறைக்கும் கைகளையும், ஹுக் குத்துவதற்காகத் தோளுக்குப் பின்னால் இழுத்த கையையும் அவை காண்பதில்லை. அந்த நேரமெல்லாம் கருவி ஊகித்துக்கொண்டிருக்கிறது. மேலே போட்ட கணக்கு அங்கே வேலை செய்கிறது.

இதற்கு மாற்ற வேண்டியது கருவியை அல்ல, பழக்கத்தை. கையைத் தாடையிலிருந்து நான்கு விரற்கடை முன்னே வைக்கலாம். ஒரு கையை மற்றதற்குப் பின்னால் ஒளிக்காமல் வைக்கலாம். நீண்ட நேரம் தற்காப்பிலேயே நிற்காமல் அவ்வப்போது ஒரு ஜாப் குத்தினால், கேமரா கையைப் பார்த்துக் கணக்கைத் திருத்திக்கொள்ளும்.

பிற வீடுகளில் இருக்கக்கூடிய காரணங்கள்

1. விளக்கின் துடிப்பு. இந்தியாவில் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. பழைய குழல்விளக்கும் மலிவான எல்இடி விளக்கும் வினாடிக்கு 100 முறை துடிக்கும். அமெரிக்காவிலும் சவூதியிலும் 60 சுற்று. அங்கிருந்து வந்த கருவி 60 என்ற அமைப்பில் இருந்தால், நம் விளக்கொளியில் கேமராவுக்குப் படம் நடுங்கும். கருவியின் அமைப்புகளில் டிராக்கிங் அதிர்வெண் என்று இருந்தால், 50 அல்லது தானியங்கி என்று வையுங்கள்.

2. சீரியல் பல்பு. பூஜை அறையில் எரியும் வண்ணச் சரவிளக்கு, டிசம்பரில் கொச்சி முழுதும் தொங்கும் நட்சத்திர விளக்கு ஆகியவை கேமராவுக்குக் கன்ட்ரோலரின் புள்ளிகளைப் போலவே தோன்றலாம். ஆடும்போது மட்டும் அணையுங்கள்.

3. இருட்டும் வெறுஞ்சுவரும். அறையிலுள்ள பொருள்களின் விளிம்புகளைப் பார்த்துத்தான் ஹெட்செட் தன் இடத்தை அறிகிறது. இருட்டறையிலும், ஒன்றுமே மாட்டாத வெள்ளைச் சுவருக்கு முன்னும் அது தடுமாறும். ஒரு தினசரிக் காலண்டரும் இரண்டு படங்களும் மாட்டினால் போதும்.

4. கேமராவில் கறை. வியர்வை, எண்ணெய்க் கை, மழைக்கால ஈரம். கண்ணாடி துடைக்கும் மென்மையான உலர்ந்த துணியால் துடையுங்கள். ஸ்பிரிட், சோப்பு நீர் வேண்டாம்.

5. தளர்ந்த செல். பாதி தீர்ந்த செல் அமைதியாக இருக்கும்போது வேலை செய்யும். கன்ட்ரோலர் அதிரும்போது மின்னழுத்தம் சரிந்து அணைந்துவிடும். இரண்டு கைக்கும் ஒரே வகைப் புதுச் செல்லைப் போட்டுச் சோதியுங்கள்.

எந்த வரிசையில் பார்ப்பது?

செலவில்லாததிலிருந்து செலவுள்ளதற்குப் போக வேண்டும்.

முதலில் ஹெட்செட்டை முழுவதும் அணைத்து மீண்டும் போடுங்கள், தூங்கவைப்பது அணைப்பதாகாது. அடுத்து கேமராக்களைத் துடையுங்கள். மூன்றாவதாகச் செல்லை மாற்றி, தலையணைச் சோதனை செய்யுங்கள். நான்காவதாகத் திரை, கண்ணாடி, சரவிளக்கு, விளக்கின் துடிப்பு ஆகியவற்றைக் கவனியுங்கள். ஐந்தாவதாக ஆடுகளத்தின் எல்லைக்கோட்டை அழித்துப் புதிதாக வரையுங்கள். ஆறாவதாக மென்பொருளைப் புதுப்பித்து, கன்ட்ரோலரை நீக்கி மறுபடி இணையுங்கள். இத்தனையும் செய்து, ஒரே கை, எல்லா வெளிச்சத்திலும், எல்லா அசைவிலும் மறைந்தால் மட்டுமே கன்ட்ரோலர் கெட்டது என்ற முடிவுக்கு வாருங்கள். கடைக்குப் போகும்போது பதிவேட்டையும் கொண்டு போங்கள். எழுதி வைத்தவனை ஏமாற்றுவது கடினம்.

சிவப்பு விளக்கு யார்?

இனி இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதி. பெற்றோர் தயவுசெய்து இதை மட்டுமாவது படியுங்கள்.

ரயில்பாதையில் டிராக் சர்க்யூட் என்று ஓர் ஏற்பாடு உண்டு. பாதையின் ஒரு முனையில் மின்கலம், மறுமுனையில் ரிலே. தண்டவாளங்கள் வழியே மெல்லிய மின்சாரம் ஓடி ரிலேயை எழுப்பி வைத்திருக்கும். பாதை காலி என்று பொருள். வண்டி வந்தால் சக்கரமும் அச்சும் மின்சாரத்தைக் குறுக்கே கடத்திவிடும், ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். இதன் அருமை வேறொன்று. கம்பி அறுந்தாலும், மின்கலம் செத்தாலும் ரிலே விழுந்து சிவப்புத்தான் எரியும். அதாவது, "எனக்குத் தெரியவில்லை" என்றால் "நில்" என்றே அது சொல்லும். கோடிக்கணக்கானோர் அதை நம்பித்தான் இரவில் ரயிலில் தூங்குகிறார்கள்.

விளையாட்டுக் கருவி அப்படியல்ல. தன் இடமே முற்றிலும் தெரியாமற் போனால் ஹெட்செட் அறிவிப்புக் காட்டும் என்பது உண்மை. ஆனால் கை மறைந்த முதல் கணங்களில் அது வாயைத் திறப்பதில்லை; ஊகித்த கையை உண்மைக் கை போலவே காட்டுகிறது. ஹெட்செட்டின் கணக்கு இலேசாக நகர்ந்தாலோ, சுவருக்கு ஓரடி முன்னால் நாம் வரைந்த எல்லைக்கோடும் சேர்ந்து நகரும். பிள்ளை கோட்டுக்குள் நின்று குத்துவதாக நினைத்துச் சுவரைக் குத்துவான். ஆகவே இந்த ஆட்டத்தில் சிவப்பு விளக்கு மனிதன்தான். எங்கள் வீட்டு விதிகள் இவை:

கை ஒருமுறை பறந்தால் உடனே நிற்க வேண்டும். "இந்த ஒரு ரவுண்டு மட்டும்" கிடையாது.

ஆறரை அடிக்கு ஆறரை அடியாவது காலி இடம் வேண்டும். குத்துச்சண்டைக்கு அதற்கும் மேல் இருந்தால் நல்லது.

மேலே சுழலும் மின்விசிறிக்குக் கீழே ஆடவே கூடாது. வளர்ந்த பிள்ளை அப்பர்கட் குத்தினால் கை எங்கே போகும் என்று விசிறியை நிறுத்திவிட்டு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். புழுக்கத்திற்கு ஒரு மேசை விசிறியை எல்லைக்கு வெளியே வையுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதைக் கொண்டு பிள்ளைக்குத் திசையும் தெரியும்.

ஆடுகளத்தின் நடுவில் வழுக்காத சிறு தென்னைநார் மிதியடி ஒன்று. வெறுங்காலில் அது படும்வரை நடுவில் இருக்கிறோம் என்று பொருள். கண்ணை மூடினாலும் கால் பொய் சொல்லாது.

கன்ட்ரோலரின் மணிக்கட்டு வாரை மாட்டாமல் ஆட்டம் தொடங்கக் கூடாது. சின்னஞ்சிறு குழந்தைகள் அறைக்குள் வரக் கூடாது. தயாரிப்பாளர் குறித்துள்ள வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கருவியைத் தர வேண்டாம்.

முடிவு

நான்காம் நாள் மாலை மகன் வேலையிலிருந்து வந்ததும் பேரன் நோட்டை அவர் முன் வைத்தான். ஒன்றும் பேசவில்லை. மகன் 31 பதிவுகளையும் வரிசையாகப் படித்தார். பிறகு கன்ட்ரோலரை வாங்கித் தலையணையில் தானே தட்டினார். கை மறையவில்லை. காகிதச் சுற்றைக் கழற்றச் சொல்லி மறுபடி தட்டினார். மறைந்தது. மறுபடி சுற்றினார், நின்றது. கீறலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

பேனாவை எடுத்து, எங்கள் பதிவேடுகளில் மேலதிகாரி பார்த்துக் கையெழுத்திடுவது போல, கடைசிப் பதிவின் கீழே தேதி போட்டுக் கையெழுத்திட்டார். "நீ அடிக்கலைன்னு அன்னைக்கே நம்பியிருக்கணும்டா" என்று மட்டும் சொன்னார். அன்று இரவு பேரன் மூன்று தோசை கூடுதலாகச் சாப்பிட்டான்.

பெற்றோரே, கருவி கெட்டால் பிள்ளையைக் குற்றம் சொல்லுவதற்கு முன் ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். வந்து போகும் பழுதைப் பற்றிப் பிள்ளை சொல்லுவது நமக்குப் பொய் போலத் தோன்றும். ஏனெனில் நாம் பார்க்கும்போது அது வருவதில்லை.

பிள்ளைகளுக்குப் பயிற்சி

1. சாய்வுப் பிழை இரண்டு டிகிரியானால் 2 வினாடியில் கை எத்தனை செ.மீ. விலகும்?

2. டிவி ரிமோட்டின் முனையைக் கைபேசியின் முன்பக்கக் கேமராவுக்குக் காட்டிப் பொத்தானை அழுத்துங்கள். என்ன தெரிகிறது? நம் கண்ணுக்கு அது ஏன் தெரிவதில்லை?

3. உங்கள் வீட்டில் வந்து போகும் பழுது ஒன்றை, தண்ணீர் மோட்டாரோ, அழைப்பு மணியோ, எதுவானாலும், ஒரு வாரம் பதிவேட்டில் எழுதுங்கள். எத்தனை காரணங்கள் என்று பிரித்துப் பாருங்கள்.

விடைகளை அடுத்த சங்கக் கூட்டத்திற்கு எழுதிக் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம்.